சங்கக் கூடம் கேட்ட சண்டை

அந்தத் தறிக்கூடத்தில் யாரும் யாரையும் கூவிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன பயன்? தறிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு எழுத்து உள்ளே போகாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால் பேசினார்கள். சத்தமே எழுப்பாமல், வாயை நன்றாகத் திறந்து மூடி, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வரைந்து காட்டுவார்கள். நாலைந்து வரிசை தள்ளி நிற்பவள் அதைக் கண்ணால் வாங்கிக்கொண்டு பதில் சொல்வாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்து திருதிருவென்று விழித்தவர்கள்கூட ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கற்றுக்கொண்டார்கள். சங்கு ஊதி வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடாது. பேருந்து நிறுத்தத்தில் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியும் நின்றுகொண்டு, வண்டிகளுக்கு நடுவில் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பைத்தியங்கள் காற்றை மெல்லுவது போலத் தெரியும்.

அந்தப் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. உதட்டில் 'ப'வும் ஒன்றுதான், 'ம'வும் ஒன்றுதான். மருந்து கேட்டால் பருந்து என்று படும். அதற்காகக் கையையும் சேர்த்துக்கொண்டார்கள். மருந்தென்றால் கட்டைவிரலை உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். பருந்தைப் பற்றி அங்கே யாரும் பேசியதில்லை என்பதால் அதற்குச் சைகை இல்லை.

மேஸ்திரியின் கல்யாணமே இந்தச் சங்கடத்தில்தான் தொடங்கியது. அப்போது அவர் மேஸ்திரி ஆகவில்லை. பழுதான தறிகளைச் சரிசெய்யும் இளம் ஆள். எதிர்வரிசைத் தறியில் நின்ற பெண் ஒருநாள் துணிந்து அவரைப் பார்த்து, "மாமா" என்று உதட்டால் கூப்பிட்டாள். அவர் கண்ணுக்கு அது "பாப்பா" என்று விழுந்தது. அவருக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். மீசை வைத்த ஆண்பிள்ளையைப் பார்த்துப் பாப்பாவாம்! கொஞ்ச நாள் அவள் தறிப்பக்கமே போகவில்லை; போனாலும் முறைத்தார். கடைசியில் அவள் சோற்று வேளையில் நேரே வந்து, வாயைத் திறந்து சத்தமாகவே சொன்னாள்: "மாமான்னு சொன்னேன், மாமான்னு. காது போனவங்களைப் பார்த்திருக்கேன், கண்ணும் போனவரை இப்பதான் பார்க்கறேன்." பக்கத்தில் இருந்தவர்கள் வாயில் வைத்த சோற்றைத் துப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

கல்யாணமாகி அவள் தனியாக வரவில்லை. தாயில்லாத தங்கை ஒருத்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தாள். மேஸ்திரி அவர்களை மூத்தவள், சின்னவள் என்றுதான் சொல்வார். சின்னவளை வளர்த்து, பூட்டு பழுதுபார்க்கும் ஒரு நல்ல மனிதனுக்குக் கட்டிவைத்ததும் மேஸ்திரிதான். அந்தக் கல்யாணத்துக்கு அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை. அவர் அப்படித்தான். அடுத்த வீட்டில் ஊசி இரவல் வாங்கினால்கூட இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தறிக்கு அடியில் குனிந்தே காலம் தள்ளுகிறவர்களுக்கு முதுகு வளைந்துவிடும். அவருக்கு வளையவில்லை. உலகத்திலேயே அவரால் தாங்க முடியாத சொல் ஒன்றே ஒன்றுதான்: ஐயோ பாவம். அந்தச் சொல்லைத் தன் வீட்டு வாசற்படி ஏறவிடாமல் காப்பதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்று இருந்தார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் நோய் வந்தது.

மூத்தவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முதலில் வயசாகிறது என்றாள். பிறகு, "நம்ம வீட்டுப் படியை யாரோ தினம் ஒண்ணு ஒண்ணா கூட்டிவைக்கிறாங்க" என்று சிரித்தாள். தறியிலிருந்து துணி மடிக்கும் பகுதிக்கு வேலையை மாற்றிக்கொண்டாள். ஒருநாள் சின்னவளும் அதே மாதிரி, நடைபாதையில் தான் பரப்பியிருந்த பழைய துணிக் கடையில் மயங்கி உட்கார்ந்தாள். இரண்டு பேரையும் பார்த்த டாக்டர், சின்ன வயசில் சேர்ந்து காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. ஒரே பாயில், ஒரே போர்வைக்குள், மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தார்கள். அந்தக் காய்ச்சல்தான் போகும்போது இருவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு கதவைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்தது. திறந்து சரிசெய்ய வேண்டும். தள்ளிப்போடக் கூடாது. அதற்கு ஆகும் செலவை டாக்டர் சொன்னபோது மேஸ்திரி தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும், "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றார்.

"மூச்சுதான் இல்லையே, விடறதுக்கு?" என்றாள் மூத்தவள்.

அவர்கள் வீடு நீளமான கட்டிடத்தில் ஒரு துண்டு. நடுச்சுவர் அட்டை மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஓட்டுநர்கள், கடைச் சிப்பந்திகள். ஆலைக்காரர்கள் யாரும் இல்லை. அதனால் நோயைப் பற்றிய பேச்சு முழுவதும் அந்த வீட்டில் உதட்டிலேயே நடந்தது. அடுப்பங்கரை வாசலில் அவள், ஜன்னலோரம் அவர். சத்தம் போட்டுப் பேசுவது காய்கறி, குழாய்த் தண்ணீர். சத்தம் இல்லாமல் பேசுவது உயிர். உதட்டுப் பேச்சுக்கு மூச்சு தேவையில்லை. ஆகவே மூச்சு குறையக் குறைய மூத்தவளின் வாய் நீண்டுகொண்டே போனது. "சத்தமாப் பேசின காலத்துல இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டதில்லை" என்று மேஸ்திரி பதிலுக்கு உதட்டைப் பிதுக்குவார். அந்த வீட்டுச் சண்டைகள் எல்லாம் அவ்வளவு ரகசியமாக நடந்தன. ஆலையே சேர்ந்து வந்து அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது என்று இருவரும் நம்பிவிட்டார்கள்.

சங்கம் அந்தச் சமயத்தில்தான் ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தது.

சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் சங்கக் கூடம். மரப்படி ஏறும்போதே பசை வாடை வரும். சுவரொட்டிகளுக்காகக் கூடத்து மூலையில் சதா பசை கொதித்துக்கொண்டிருக்கும். 'இங்கே ஒட்டாதே' என்று எழுதிய சுவராகத் தேடித் தேடி ஒட்டுவார்கள். நல்ல சுவர் எது என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்களே என்பார்கள். செயலாளர் நூற்புப் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்மணி. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்கா. மேஸ்திரி மட்டும் செயலாளரம்மா என்பார். அவள் கேட்டது நேரான விஷயம். வைத்தியத்துக்கென்று வருமானத்துக்குத் தக்கபடி ஒவ்வொருவரும் ஒரு பங்கு போடுவோம். போட முடியாதவனுக்கு அரசு போடட்டும். அதற்குப் பிறகு ஆலைக்காரன், தெருக்காரன், வேலை உள்ளவன், இல்லாதவன் என்று பார்க்காமல் எவனையும் ஆஸ்பத்திரி வாசலில் திருப்பி அனுப்பக் கூடாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பேருந்துக்காரர்கள், தெருக் கூட்டுகிறவர்கள் என்று மற்றச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. எல்லாவற்றிலும் பெரிது ஆலைச் சங்கம்தான். அது நின்றால் மற்றவை நிற்கும். அது உட்கார்ந்தால் எல்லாம் உட்கார்ந்துவிடும்.

இது முதலாளிக்கும் தெரியும். அவர் கெட்டிக்காரர். ஆள் அனுப்பினார். ஆலைப் பதிவில் பேர் உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நல்ல தனியார் ஆஸ்பத்திரியில் எல்லா வைத்தியமும் உடனே செய்து தருவதாகச் சொன்னார். சங்கம் அந்தப் பொதுக் கோரிக்கையை விட்டு விலகவேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க ஆலையில் வேறு பேச்சு இல்லை. மேஸ்திரி யாரோடும் பேசவில்லை. வீட்டிலும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, உதட்டையும் அசைக்கவில்லை. மூத்தவள் இரண்டு தடவை ஆரம்பித்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதட்டுப் பேச்சில் அதுதான் வசதி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் எதிரி ஊமை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள் நின்றார்கள். தறிக்கூடத்துக்காரர்கள் வாசல் பக்கம், நூற்பும் மடிப்பும் ஜன்னல் பக்கம். மின்விசிறி ஒன்று தலைக்கு மேல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்குக் காது மந்தம் என்பதால் அதைச் சரிசெய்ய யாருக்கும் தோன்றியதில்லை.

முதலில் எழுந்தவன் ரேடியோ. பாவு நூல் பிணைக்கிறவன். ஒருமுறை வாய் திறந்தால் நிறுத்தும் குமிழ் இல்லை என்பதால் அந்தப் பேர். நெஞ்சில் பஞ்சு அடைத்து இருமிக்கொண்டே இருப்பான். இருமலுக்கு நடுவிலும் பேசுவான்.

"அக்கா, நீங்க சொல்றது பெரிய விஷயம். எனக்கும் புரியுது. ஆனா அரசாங்கம் சட்டம் போட்டு, அது அச்சாகி, அதை நம்ம ஊருக்கு யாராவது தூக்கிட்டு வர்றதுக்குள்ள நான் போட்டோவாத் தொங்குவேன். இவன் இன்னிக்கே குடுக்கறான். வாங்கிப் போட்டுக்குவோம்."

ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "உங்க தம்பி பேருந்துல டிக்கெட் கிழிக்கிறானே, அவனுக்கு?"

"அவன் என்னிக்குத்தான் எனக்கு நல்லது நினைச்சான்?"

சிரிப்பு அடங்குவதற்குள் மேஸ்திரி எழுந்துவிட்டார்.  அவர் பேசுவது அபூர்வம்.

"நான் ரெண்டு வார்த்தைதான் சொல்வேன். முதல்ல அவனவன் வீட்டுக் கூரையை அவனவன் பார்த்துக்கணும். பிறகு ஊர்க் கூரையைப் பார்க்கலாம். இதை ஏத்துக்கறதுல தப்பு இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். காரணம் சொல்லவில்லை. சொல்வாரா? ஆனால் தறிக்கூடத்துக்கு அவர் சொன்னது போதும். வாசல் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. செயலாளர் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். பிறகு, "ஏத்துக்கலாம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க" என்றாள்.

மேஸ்திரியின் கைதான் முதலில் எழுந்தது, முதுகைப் போலவே நேராக. அதைப் பார்த்துத் தறிக்கூடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழத் தொடங்கின.

ஜன்னல் பக்கம், நாலாவது பெஞ்சில், மூத்தவள் எழுந்து நின்றாள். கூடத்தின் குறுக்கே அவரைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது.

"கையை இறக்குங்க."

மேஸ்திரி உதட்டாலேயே சொன்னார்: "பேசாம உக்காரு."

"இறக்குங்கன்னா இறக்குங்க."

"யாருக்காகடீ தூக்கியிருக்கேன்? உனக்காகத்தானே? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? நெஞ்சுக் கதவு நின்னுபோனா என்ன பண்றது?"

"என் கதவைச் சரிபண்ணுவாங்க. சின்னவ கதவை?"

"அவளுக்கு அப்புறம் பார்ப்போம்."

"அப்புறம்னா எப்போ? அவ பேரு எந்த மில் பதிவுல இருக்கு? ஒரே பாய்ல படுத்து, ஒரே காய்ச்சல்ல வந்தது. எனக்கு மட்டும் வைத்தியம் பண்ணிக்கிட்டு, அவ கடை பரப்பியிருக்கற பக்கம் நான் எப்படி நடந்துபோவேன்? எந்த முகத்தை வெச்சுக்கிட்டு?"

"அதுக்கு நான் என்னடீ பண்றது? உன்னைப் பறிகொடுக்கச் சொல்றியா?"

"மூச்சுக்கு மூச்சு குடும்ப மானம் குடும்ப மானம்னு சொல்றீங்களே, அந்தக் குடும்பத்துல அவ இல்லையா? உங்க வீட்டு வாசல்ல இருந்து உங்க கையால அனுப்பிவெச்ச பொண்ணு அவ. அவளை நடைபாதையில விட்டுட்டு எந்த மானத்தைக் காப்பாத்தப் போறீங்க?"

மேஸ்திரி பதில் சொல்ல உதட்டைத் திறந்தார். அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. மின்விசிறியின் கடகடப்பைத் தவிரக் கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. எல்லோருடைய தலைகளும், ஊஞ்சலைப் பார்க்கிற மாதிரி, அவள் பக்கம் போய் அவர் பக்கம் திரும்பி நின்றிருந்தன.

வீட்டுப் பழக்கம். அந்தச் சுவர்களுக்கு நடுவில் யாருக்கும் கேட்காத பேச்சு அது. இங்கே கூடியிருப்பவர்கள் அத்தனை பேரும் ஆலைச் சத்தத்தில் வாழ்ந்தவர்கள் என்பது, அந்த ஆவேசத்தில் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. உரக்கக் கத்தியிருந்தால் பாதிப் பேருக்குத்தான் கேட்டிருக்கும். உதட்டால் பேசியதால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. படியில் நின்றவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அவர்களுக்கும் வாசலில் இருந்தவன் திரும்பி உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி கூடத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாக முகங்கள். அந்த முகங்களில் உதடுகள் அசைந்தன. ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம், ஒருவன் தனக்குத்தானே. கூடிய உதடு பிரிந்து, பிறகு மடங்கி, மறுபடி கூடி நின்றது. வாழ்நாள் முழுவதும் வாசற்படி ஏறாமல் அவர் காத்துவந்த சொல்.

ஐயோ பாவம். ஐயோ பாவம். ஐயோ பாவம்.

பிறகு நடந்ததுதான் அவர் எதிர்பார்க்காதது. கைகள் உயர ஆரம்பித்தன. தறிக்கூடத்துக் கைகள் மட்டுமல்ல. ஜன்னல் பக்கம், இதுவரை முதலாளி பேச்சை எடுத்தாலே காறித் துப்பியவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். மேஸ்திரி வீட்டம்மா பிழைக்கட்டும் என்று தூக்கினார்கள். தம்பியைப் பற்றிக் கேட்ட பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்கினாள். மேசைக்குப் பின்னால் நின்ற செயலாளர், அந்தக் கோரிக்கைக்காக ஊர் ஊராக நடந்து செருப்புத் தேய்ந்தவள், அவளும் கையைத் தூக்கிவிட்டாள்.

மூத்தவள் பதறிப்போய் எல்லோரையும் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று உதட்டை அசைத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்காகத் தூக்கியவர்கள் அவள் சொன்னதை மறந்துவிட்டார்கள். சத்தமாகச் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இறக்குங்க எல்லாரும் கையை!"

மேஸ்திரிதான். அந்தக் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கீழே சைக்கிள் கடைக்காரன் பம்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தானாம்.

"செயலாளரம்மா, நீங்க முதல்ல இறக்குங்க. உங்களுக்கு இது அழகில்லை."

அவள் கை தானாக இறங்கியது.

"என் வீட்டுக்காக ஒருத்தரும் கை தூக்கவேண்டாம். நான் கேட்டேனா? பரிதாபப்பட்டு நீங்க தூக்கற கையில என் பொண்டாட்டிக்கு வைத்தியம் பார்த்தா, அவ பொழைச்சு எழுந்திருப்பா, சரி. நான் எழுந்திருக்க மாட்டேன்." மூத்தவள் பக்கம் ஒருமுறை பார்த்தார்.  "மறைச்சு வெச்சிருந்தேன். இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதை முழுசாத் தெரிஞ்சுக்கங்க. என் வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே நோய். ஒருத்தி இங்கே பெஞ்சுல உக்காந்திருக்கா, இன்னொருத்தி நடைபாதையில உக்காந்திருக்கா. அந்தக் காய்ச்சல் வந்தப்ப யார் பேரு எந்தப் பதிவுல இருக்குன்னு பார்த்துக்கிட்டா வந்தது? நான் ஒருத்தியை மட்டும் தூக்கிக்கிட்டு ஓடப் பார்த்தேன். அவ என்னைப் பிடிச்சு நிறுத்திட்டா. நின்னுட்டேன். முதலாளி குடுக்கறது தயவு. வேண்டாம்னு ஒருநாள் அவர் நினைச்சா நின்னுபோகும். எனக்கு என் பங்கைப் போட்டு, நிமிர்ந்து நின்னு, என் வீட்டு ரெண்டு பொம்பளைங்களுக்கும் வைத்தியம் வேணும். அது இன்னிக்கு வராது. தெரியும். வர்ற வரைக்கும் கேட்போம்."

உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

"இன்னொண்ணு. இனிமே யாராவது என் வீட்டைப் பார்த்து 'ஐயோ பாவம்'னு உதட்டை அசைச்சீங்கன்னா, எந்த மூலையில நின்னு அசைச்சாலும் எனக்குத் தெரியும்."

முதலில் சிரித்தது மூத்தவள். பிறகு கூடமே சிரித்தது. மேஸ்திரி அன்று கூடத்தில் அழுதார் என்று பிற்காலத்தில் ஒரு கதை உலவியது. அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பசை கொதிக்கிற இடத்தில் கண்ணாடியில் ஆவி படியத்தான் செய்யும்.

செயலாளர் மறுபடி கேட்டாள். வேண்டாம் என்பதற்குத்தான் கைகள் கூடுதலாக எழுந்தன. எல்லாக் கைகளும் அல்ல. ரேடியோ தன் கையை ஏற்றுக்கொள்வதற்கே தூக்கினான், தூக்கியபடி மேஸ்திரியைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி. உங்க வீட்டுக்காக இல்லை. எனக்கே வேணும்" என்றான். மேஸ்திரி, "அதுதான் நேர்மை. நல்லாத் தூக்கு" என்றார். அவன் சொன்னபடியே ஆயிற்று. சட்டம் வருவதற்கு முந்திய குளிர்காலத்தில் அவன் போய்விட்டான். அவனைத் தூக்கிச் சென்றவர்களில் முன்பக்கத்துத் தோள் மேஸ்திரியுடையது. அதற்குப் பிறகு நெடுநாள் அவர் சங்கக் கூடத்தில் அவன் உட்கார்ந்திருந்த வாசல் பக்கம் பார்த்து உட்காரவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது சின்னவள் படியிலேயே காத்திருந்தாள். ஆலைப் பேச்சு தெருவுக்கு வர எவ்வளவு நேரமாகும்?

"அக்கா, உனக்குப் புத்தி இருக்கா? என் பேரைச் சொல்லி உன் வைத்தியத்தைக் கெடுத்துக்கிட்டியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உன்னை என்னடீ கேக்கறது?"

"மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா? ஊரையே மிரட்டறீங்க, இவளை அடக்கத் தெரியலையே உங்களுக்கு!"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார் மேஸ்திரி. மூன்று பேரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்திக்கும் ஏற மூச்சு இல்லை. அவருக்கு ஏற மனசு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது, மேஸ்திரி உரத்த குரலில், மறைக்காமல், "ரெண்டு பேருக்கும் நெஞ்சு சரியில்லை. கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றார். அந்தச் சுவருக்கு அப்பால் அந்த வீட்டின் நோய் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுக்காரர் செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். பாவம் என்று சொல்லவில்லை. "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்றார்.

பிறகு வந்ததெல்லாம் நடைதான். ஊர்வலங்களில் மூத்தவளும் வருவேன் என்று அடம்பிடித்தாள். மேஸ்திரி ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் அவள் உட்காருவாள். ஊர்வலம் அவளைக் கடந்து போகும். வாலில் வருகிற தெருக் கூட்டுகிறவர்களோடு அவள் சேர்ந்துகொள்வாள். "மகாராணி சிம்மாசனத்தோட வர்றாங்க" என்று துறைமுகத்து ஆட்கள் வழிவிடுவார்கள். முழக்கம் போட அவளுக்கு முடியாது. உதட்டை மட்டும் அசைப்பாள். பாதையோரம் நின்ற ஆலைப் பெண்கள் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டு சத்தமாகப் போடுவார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. இப்போது அந்த ஆலை இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். ஜன்னல்களை அடைத்துக்கொண்டு இருக்கிறார்கள், சத்தம் உள்ளே வரக்கூடாதாம். சத்தத்தை அவர்கள் எங்கே கேட்டிருக்கிறார்கள்?

சட்டம் வந்தது. கேட்ட அளவுக்கு வரவில்லை, வந்த அளவுக்கு வந்தது. வாசலில் திருப்பி அனுப்பக் கூடாது என்ற அந்த ஒரு வரியை மட்டும் சட்டம் எழுதியவர்களால் அடித்துவிட முடியவில்லை.

மூத்தவளுக்கு முதலில் அழைப்பு வந்தது. அவளைச் சேர்த்து, கத்தி வைத்து, கண் விழித்த பிறகு, சின்னவளின் முறை. அந்தக் காலையில் மேஸ்திரி சட்டையைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கவுண்டர்களை அவருக்குத் தெரியும். இந்த ஆலைப் பெண்ணா, எந்த ஆலை, பதிவு எங்கே, பொறுப்பு யார் என்று குடைவார்கள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இவள் என் வீட்டுப் பெண். எங்கள் பங்கைப் போட்டிருக்கிறோம். யாருடைய தயவிலும் வரவில்லை. திருப்பி அனுப்பினால் நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, முதுகை நிமிர்த்தினார்.

"என்ன பிரச்சினைங்க?" என்றாள்.

"நெஞ்சு வால்வு. டாக்டர் வரச்சொல்லியிருக்கார்." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "இவ எந்த ஆலையிலயும்..."

"வலது பக்கம் போய் உக்காருங்க. கூப்பிடுவாங்க."

மேஸ்திரி நின்றார்.

"வேற எதுவும் நீங்க கேக்க வேண்டாமா?"

"வேற என்னங்க? அவங்களை நிக்கவெக்காதீங்க, மூச்சு வாங்குது பாருங்க. அடுத்தவங்க வாங்க."

அடுத்தவன் ஏற்கெனவே கவுண்டரில் கையை வைத்துவிட்டான். மேஸ்திரி நகர்ந்தார். வாசல் கதவு திறந்தே இருந்தது. அவர் திரும்பி அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை, அடுத்தவனிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள் சின்னவள். "சண்டை போட ஆள் கிடைக்கலையா?"

"பேசாம நட."

"கஞ்சியெல்லாம் போட்டு வந்தீங்களே, வீணாப்போச்சே."

அவர் அவளுக்கு முன்னால் நடந்து, வலது பக்கம் வெயில் படாத பெஞ்சாகப் பார்த்துத் தட்டிவிட்டு, அவளை உட்காரவைத்தார். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்தார், சாய்ந்துகொள்ளாமல்.